மெட்ராஸ் சிம்பொனியும் நாகூரானும்: அமெரிக்க இசைத்தட்டுகளில் நம் ராகங்கள்

1960 பிப்ரவரி 3 அன்று அகில இந்திய வானொலியில் ‘நாகூரான்’ என்ற புதிய இசைக்கோவை ஒலிபரப்பானது. வாசித்தவர்கள் சென்னை வானொலி நிலையத்தின் தென்னிந்திய வாத்தியக் குழுவினர். இயற்றியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த ஆலன் ஹோவனெஸ். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த அனுபவம் அவரை எழுத வைத்த படைப்பு அது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 1959 மார்ச்சில், நியூயார்க்கின் லிட்டில் ஆர்கெஸ்ட்ரா சொசைட்டி தன் நடத்துநர் தாமஸ் ஷெர்மனுடன் சென்னைக்கு வந்து ஒரு சிம்பொனியை உலகில் முதன்முறையாக வாசித்தது. அது ஹென்றி கவல் எழுதிய பதின்மூன்றாம் சிம்பொனி. அதன் பெயர் ‘மெட்ராஸ்’.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் அமெரிக்க இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் அவற்றைப் பற்றிய பேச்சு அரிது. சென்னையிலிருந்து நாகூருக்கு அன்றைக்கு இருந்த ரயில் பாதை திண்டிவனத்தைத் தொட்டு, விழுப்புரம் சந்திப்பில் பிரிந்து, கடலூர், மாயவரம் வழியாகச் சென்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது உருவாகவில்லை; காரில் போகிறவர்களுக்கும் திண்டிவனம்தான் வழி. ஓர் அமெரிக்க இசையமைப்பாளரைத் தமிழ் மண்ணில் எழுதத் தூண்டிய பயணத்தின் பாதை நம் ஊர்களின் ஊடாகச் செல்கிறது. அந்த இசை இன்று நம் ஊர்களில் கேட்கப்படுகிறதா என்பதே கேள்வி.

இசை வரலாற்றில் எது நிலைக்கிறது, எது மறைகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் பெருமளவு தீர்மானித்தது ஒலிப்பதிவு. அமெரிக்க சிம்பொனிகளின் கதை அதற்குத் தெளிவான சான்று. அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை எடைபோடக்கூடிய செவி நம்மிடம்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெர்லினில் ஒரு சென்னைப் பேராசிரியர்

ஹென்றி கவல் 1897இல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பிறந்தவர். சிறுவயதில் சான் பிரான்சிஸ்கோவில் சீன, ஜப்பானியக் குடும்பங்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தார். உலகில் ஐரோப்பிய இசை ஒன்றே இசை என்ற எண்ணம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இல்லை. பியானோவின் கட்டைகளை உள்ளங்கையாலும் முழங்கையாலும் கொத்தாக அழுத்தி வாசித்து 1920களில் ஐரோப்பாவைத் திகைக்க வைத்தார். பின்னாளில் பெயர் பெற்ற இசையமைப்பாளர்களான ஜான் கேஜும் லூ ஹாரிசனும் அவரிடம் படித்தவர்கள்.

1931இல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்று, ஒப்பியல் இசையியலின் முன்னோடியான எரிக் வான் ஹார்ன்போஸ்டலிடம் பயில்வதற்காக அவர் பெர்லினுக்குப் போனார். அங்கேதான் கர்நாடக இசையின் இலக்கணம் அவருக்கு அறிமுகமாயிற்று. கற்பித்தவர் சென்னைப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. தென்னிந்திய இசை குறித்துப் பல தொகுதிகளாக அவர் எழுதிய நூல்கள் இன்றும் இசைக் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன. அன்றைக்கு அவர் ஜெர்மனியில் தங்கி மேற்கத்திய இசையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் இசையை மற்றவர் கற்றுக்கொண்ட அந்தச் சந்திப்பிலிருந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு ‘மெட்ராஸ்’ என்ற பெயரோடு ஒரு சிம்பொனி பிறந்தது.

கவல் ஊர் திரும்பியதும் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் உலக மக்களின் இசை பற்றி வகுப்புகள் எடுத்தார். 1951 முதல் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காக உலக நாடுகளின் இசைப்பதிவுகளைத் தொகுத்துக் கொடுத்தார். 1956-57இல் மனைவி சிட்னி ராபர்ட்சன் கவலோடு ஐரோப்பா, ஆசியா நாடுகளைச் சுற்றினார். சிட்னியே தேர்ந்த நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர். ஈரானில் தங்கியதன் விளைவு ‘பெர்ஷியன் செட்’. ஜப்பான் தந்தது ‘ஒங்காகு’. இந்தியா தந்தது பதின்மூன்றாம் சிம்பொனி. மொத்தம் இருபது சிம்பொனிகளை முடித்துவிட்டு 1965இல் அவர் காலமானார்.

சோமர்வில்லிலிருந்து சென்னைக்கு

ஹோவனெஸின் பாதை வேறு. 1911இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள சோமர்வில்லில் பிறந்தவர். தந்தை ஆர்மீனியர், டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தாய் ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆர்மீனியர்கள் சென்னைக்குப் புதியவர்கள் அல்லர். பாரிமுனையின் ஆர்மீனியன் தெருவும் அங்குள்ள பழைய தேவாலயமும் அவர்கள் வாழ்ந்த தடங்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அந்த இனத்தின் இசைக்கலைஞர் ஒருவர் 165 ஆண்டுகளுக்குப் பிறகு அதே நகரத்துக்கு ராகம் கற்க வந்தார்.

1936இல் உதயசங்கரின் நடனக்குழு பாஸ்டனுக்கு வந்தபோது, அதனுடன் வந்த விஷ்ணுதாஸ் ஷிராலியின் இசை ஹோவனெஸை ஆட்கொண்டது. 1947இல் எழுதிய எட்டாம் சிம்பொனிக்கு ‘அர்ஜுனா’ என்று பெயரிட்டார். இந்தியாவில் கால் வைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே மகாபாரதம் அவர் மேசையில் இருந்திருக்கிறது.

1959-60இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. வீணை கற்றுக்கொண்டார். முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களைக் குறித்துத் தொகுத்தார். அவற்றை வைத்து ஒரு நூல் எழுதும் திட்டம் இருந்தது, அது முடிவடையவில்லை. மியூசிக் அகாதமியின் ஆண்டு விழாவில் பங்கேற்க அழைக்கப்பட்ட முதல் மேற்கத்திய இசையமைப்பாளர் அவரே. அப்போது அகாதமியின் இன்றைய அரங்கம் கட்டி முடிக்கப்படவில்லை. 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய அக்கட்டடம் 1962இல்தான் திறக்கப்பட்டது.

‘நாகூரான்’ இந்த வாசத்தின் சிறந்த விளைச்சல். இந்து வித்துவான்கள் நிறைந்த கர்நாடக வாத்தியக் குழுவுக்கு, இஸ்லாமிய இறைநேசர் ஷாகுல் ஹமீது அடங்கிய தர்காவின் நினைவில், கிறிஸ்தவத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பழகிய ஓர் ஆர்மீனிய அமெரிக்கர் எழுதினார். நாகூர் நம் மக்களுக்கு என்றும் அப்படித்தான். எல்லாச் சமயத்தாரும் நேர்த்திக்கடன் செலுத்தும் அந்தத் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். அந்த வழக்கத்தின் உட்பொருளை வெளிநாட்டுக்காரர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார் என்பது என்னை நெகிழவைக்கும் செய்தி.

ஓர் இசைத்தட்டு இழைத்த காயம்

ஹோவனெஸின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1942 கோடையில் அவர் டேங்கிள்வுட் இசை முகாமில் மாணவராக இருந்தார். ஒரு வகுப்பில் அவருடைய முதல் சிம்பொனியின் பதிவு போடப்பட்டது. ‘எக்ஸைல்’ என்ற பெயருடைய அந்தப் படைப்பை பி.பி.சி. இசைக்குழு 1939இல் இங்கிலாந்தில் முதலில் வாசித்திருந்தது. தட்டு சுழன்றுகொண்டிருக்க, ஆரன் காப்லாண்ட் பக்கத்திலிருந்த லத்தீன் அமெரிக்க இசைஞர்களோடு ஸ்பானிஷில் உரக்கப் பேசினார். முடிந்ததும் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவுக்குப் போய் மெலோடிக் மைனர் என்ற ஸ்வர வரிசையை வாசித்துக் காட்டி, இது மலிவான சேரி இசை என்ற பொருளில் இகழ்ந்தார். இருவரும் பிற்காலத்தில் அமெரிக்க இசையின் முகங்களாக ஆனவர்கள். ஹோவனெஸ் முகாமை விட்டு வெளியேறினார். அந்த ஆண்டுகளில் தம் பழைய படைப்புகளைப் பெரும் எண்ணிக்கையில் அழித்தார். பிறகு முன்னைவிட உறுதியாகக் கிழக்கு நோக்கித் திரும்பினார்.

பெர்ன்ஸ்டைன் ஏளனமாக வாசித்த அந்த வரிசையின் ஏறுமுகத்தை விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மாணவி ஒருத்தியிடம் வாசித்துக் காட்டினால் என்ன சொல்வாள்? சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம். இருபத்து மூன்றாவது மேளகர்த்தா, கௌரிமனோகரி. ஒருவருக்கு அது பள்ளிக்கூடப் பயிற்சி வரிசை. மற்றவருக்கு அது வழிபடத்தக்க ராகத்தின் எலும்புக்கூடு. ஹோவனெஸ் தேடியது அந்த இரண்டாவது வகைக் கேட்டலை. டேங்கிள்வுட்டில் கிடைக்காததைத் தேடித்தான் அவர் சென்னைக்கு வந்தார் என்று நான் நம்புகிறேன்.

பதிவு இல்லையேல் படைப்பு இல்லை

சிம்பொனி என்பது தாளில் எழுதப்பட்ட பெரும் படைப்பு. அறுபது, எண்பது கலைஞர்கள் கூடினால்தான் அது ஒலியாகும். ஒத்திகைக்கும் அரங்குக்கும் ஊதியத்துக்கும் பெரும் பணம் தேவை. ஐரோப்பாவின் பீத்தோவனும் பிராம்ஸும் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டார்கள். உயிரோடிருந்த அமெரிக்கருக்கு ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த ஒரு முறையும் பதிவாகாவிட்டால் படைப்பு அலமாரிக்குப் போய்விடும்.

78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான் கொள்ளும். நம் வித்துவான்கள் ராக ஆலாபனையையும் கிருதியையும் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிப் பாடிய காலம் அது. அரை மணிநேர சிம்பொனிக்கு நான்கு தட்டுகள் வேண்டும். விற்பனை நிச்சயமில்லாத உள்நாட்டு இசையமைப்பாளருக்காக அந்தச் செலவைச் செய்ய நிறுவனங்கள் தயங்கின. விதிவிலக்குகள் உண்டு. ராய் ஹாரிஸின் மூன்றாம் சிம்பொனியை 1939இலேயே நடத்துநர் கௌசெவிட்ஸ்கியும் பாஸ்டன் இசைக்குழுவும் பதிவு செய்தார்கள். ஆனால் சார்லஸ் ஐவ்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுதிய இரண்டாம் சிம்பொனி 1951 வரை மேடை ஏறவே இல்லை. அதை ஏற்றியவரும் பெர்ன்ஸ்டைன்தான்; 1958இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவரும் அவரே. ஹோவனெஸை இகழ்ந்தவர் ஐவ்ஸை மீட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கவலின் பெருமை இங்கே துலங்குகிறது. 1927இல் அவர் புதிய இசைக்கோவைகளை அச்சிடுவதற்கென ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். 1934இல் அதன் கிளையாக ‘நியூ மியூசிக் குவார்ட்டர்லி ரெக்கார்டிங்ஸ்’ என்ற இசைத்தட்டு வரிசையை ஏற்படுத்தினார். பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கிய ரூத் க்ராஃபோர்டும் ஐவ்ஸும் அந்தத் தட்டுகளில் ஒலித்தார்கள். செலவுக்குக் கைகொடுத்தவர்களில் ஐவ்ஸும் ஒருவர். அவர் காப்பீட்டுத் தொழிலில் பொருளீட்டியவர். தம் பெயர் தெரியாமல் பிறர் இசைக்காகவும் பணம் கொடுத்தார்.

1948இல் நீள் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொண்டதால் ஒரு முழு சிம்பொனி ஒரே தட்டில் அடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மூன்று வாசல்கள் திறந்தன. கென்டக்கி மாநிலத்தின் நடுத்தர நகரமான லூயிவில்லின் இசைக்குழு, ராக்பெல்லர் அறக்கட்டளை 1953இல் வழங்கிய நான்கு லட்சம் டாலரைக் கொண்டு, உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களிடம் புதுப் படைப்புகளைக் கேட்டு வாங்கி, வாசித்து, பதிவு செய்து சந்தாதாரர்களுக்கு அனுப்பியது. கவலின் பதினோராம் சிம்பொனி அவ்வாறு 1954இல் பிறந்தது. நியூயார்க்கில் 1954இல் தொடங்கிய ‘கம்போசர்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ இரண்டாவது வாசல். லாப நோக்கில்லாமல் இயங்கிய அந்நிறுவனம் கவலின் ஏழாம், பதினாறாம் சிம்பொனிகளையும், லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி நடத்திய ‘பெர்ஷியன் செட்’டையும் வெளியிட்டது. 2003இல் அது மூடப்பட்டபோது அதன் சேமிப்பை நியூ வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, ரோச்செஸ்டரில் நடத்துநர் ஹவர்ட் ஹான்சன் மெர்குரி நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள். கவலின் நான்காம் சிம்பொனி அந்த வரிசையில் இருக்கிறது.

ஒரு நடுத்தர நகரத்தின் இசைக்குழு தன் ஊர்ப்பெயரை உலக இசை வரலாற்றில் பொறித்துக்கொண்டது. விழுப்புரம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு லூயிவில்லின் கதை நல்ல பாடம். பண்பாட்டுப் பணி தலைநகரங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

மலையைப் பதிவு செய்தவர்கள்

ஹோவனெஸின் அதிர்ஷ்டம் 1955இல் திரும்பியது. ஹூஸ்டன் இசைக்குழுவின் பொறுப்பேற்ற லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி அக்டோபர் 31 அன்று அவருடைய இரண்டாம் சிம்பொனியை அரங்கேற்றினார். ‘மிஸ்டீரியஸ் மௌண்டன்’ என்று பெயர். 1958 ஏப்ரலில் ஃபிரிட்ஸ் ரெய்னர் நடத்த, சிகாகோ இசைக்குழு அதை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்பொன்றுடன் சேர்ந்து வெளியான அந்தத் தட்டு இன்றுவரை அச்சிலும் இணையத்திலும் மறையாமல் இருக்கிறது. அமெரிக்க சிம்பொனிப் பதிவுகளில் தலைசிறந்தவற்றைப் பட்டியலிடுகிறவர்கள் அதை விடுவதில்லை. ரெய்னர் கண்டிப்புக்குப் பேர்போனவர். உருகுகிற இந்த இசையை அவர் உருகாமல், துல்லியமாக வாசிக்க வைத்தார். அதனாலேயே அது இத்தனை ஆண்டுகள் தாங்கி நிற்கிறது.

பெரிய நிறுவனங்களின் தயவை மட்டும் நம்பி இருக்க ஹோவனெஸ் விரும்பவில்லை. 1963 முதல் ‘பொஸைடன் சொசைட்டி’ என்ற சொந்த முத்திரையில் தம் படைப்புகளை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் சுமார் பதினைந்து தட்டுகள் வந்தன. லண்டன் இசைக்குழுக்களை அவரே நடத்திப் பதிவு செய்தவை பல. கிறிஸ்டல் ரெக்கார்ட்ஸ் பின்னர் அவற்றைக் குறுந்தகடுகளாக மறுபதிப்புச் செய்தது. ஹோவனெஸ் சியாட்டில் பகுதியில் குடியேறிய பிறகு, நடத்துநர் ஜெரார்ட் ஷ்வார்ஸும் சியாட்டில் சிம்பொனியும் அவர் படைப்புகளை டெலோஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பற்றி 1982இல் எழுதிய ஐம்பதாம் சிம்பொனி அவற்றில் ஒன்று. ஹாங்காங்கிலிருந்து இயங்கும் நாக்ஸோஸ் நிறுவனம் குறைந்த விலையில் அமெரிக்க இசை வரிசை ஒன்றை வெளியிட்டபோது, கீத் ப்ரையன் நடத்திய பதிவுகளில் நான்காம் சிம்பொனி போன்ற காற்றிசைக் கருவிப் படைப்புகள் பரவலாகக் கிடைத்தன. 2000 ஜூனில் சியாட்டிலில் மறைந்தபோது ஹோவனெஸின் சிம்பொனிக் கணக்கு 67இல் நின்றது.

இந்த மனிதருக்கு மலைகள் மண்ணுலகும் விண்ணுலகும் சந்திக்கும் இடங்கள். அவர் எழுதிய சிம்பொனிகளின் பெயர்களில் மலைகள் திரும்பத் திரும்ப வரும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கு அருகே மயிலம் குன்றில் முருகன். மேற்கே செஞ்சியின் பாறைக் குன்றுகள். அதற்கும் அப்பால் மலையே லிங்கமாக நிற்கும் அண்ணாமலை. இந்தச் சாலையில் பயணம் செய்து பழகியவருக்கு ‘மிஸ்டீரியஸ் மௌண்டன்’ அந்நியமாக ஒலிக்காது.

எப்படிக் கேட்பது

‘மிஸ்டீரியஸ் மௌண்டன்’ மூன்று பகுதிகள் கொண்டது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதி தந்திக் கருவிகளில் தோத்திரம்போல மெல்ல நகரும். அதன் மேல் செலஸ்டாவும் ஹார்ப்பும் மணியோசைத் துளிகளாக உதிரும். நடுப்பகுதி இரட்டை ஃப்யூக்: ஒரு கருப்பொருளைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் வடிவம். முதலில் நிதானமான கருப்பொருள், பிறகு விரைவான ஒன்று, இறுதியில் இரண்டும் ஒன்றாகச் சேரும். மூன்றாம் பகுதி மீண்டும் அமைதிக்குப் போகும்.

கர்நாடக இசையில் ஊறிய செவிக்கு முதலில் பிடிபடுவது அதன் பொறுமை. பெரும்பாலான ஐரோப்பிய சிம்பொனிகள் ஒரு சுருதியிலிருந்து வேறொன்றுக்குத் தாவி, முரண்பட்டு, போராடி வீடு திரும்பும். ஹோவனெஸ் அந்த நாடகத்தைக் கைவிட்டவர். ஒரு ஸ்வர மண்டலத்தில் தங்கி, அதன் முகங்களைக் காட்டுவார். தம்பூரா நமக்குத் தரும் ஆதாரத்தை அவருடைய தாழ்ந்த தந்திகள் பல இடங்களில் தருகின்றன. 1944இல் ‘லூசாட்ஸாக்’ என்ற படைப்பில் அவர் கையாண்ட உத்தி ஒன்றும் கவனிக்கத்தக்கது. இசைக்குழுவின் கலைஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் இசைத்தொடர்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தாளக் கட்டுப்பாடு இல்லாத அந்த முணுமுணுப்பு ஒரு மேகமாக எழும். பின்னர் பல சிம்பொனிகளில் அது வருகிறது.

இனி குறைகளையும் பேச வேண்டும். ராகம் என்பது ஆரோகண அவரோகணம் மட்டும் அன்று. தோடியின் காந்தாரம் அசையும் விதத்தில்தான் தோடி இருக்கிறது. பைரவியின் உயிர் அதன் பிடிகளில் இருக்கிறது. மேற்கத்திய இசைக்குழு எழுதிய ஸ்வரத்தை நேராகப் பிடித்து வாசிப்பது. பதினாறு வயலின்காரர்கள் ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைக்க அவர்கள் பயிற்சியில் இடம் இல்லை. ஆகவே சிம்பொனிக்குள் போகும்போது ராகம் பெரும்பாலும் மேளமாகச் சுருங்கிவிடுகிறது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் ஒழுங்கு கவலையும் ஹோவனெஸையும் போன்றவர்களை ஈர்த்ததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். மேளம் தாளில் எழுதக்கூடியது. கமகம் குருவின் குரலிலிருந்து பெறவேண்டியது.

‘நாகூரான்’ இந்த இடத்தில்தான் தனிச்சிறப்புப் பெறுகிறது. அதை வாசித்தவர்கள் சென்னை வானொலியின் வித்துவான்கள். ஹோவனெஸ் நேராக எழுதியிருந்தாலும் அவர்கள் விரல்கள் வளைத்திருக்கும். தாள் அமெரிக்கருடையதாகவும் கை தமிழருடையதாகவும் அமைந்த படைப்பு என்பதால், இரண்டு மரபுகளும் எங்கே இணைந்தன, எங்கே விலகின என்று ஆராய அதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

நம் பங்கு

அமெரிக்காவுக்கும் திண்டிவனத்துக்கும் உறவு புதிதல்ல. அமெரிக்க ஆர்க்காடு மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு நிலையம் அமைத்து இயங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், மருத்துவம் படிக்க முடிவெடுத்த அந்தப் புகழ்பெற்ற இரவு திண்டிவனத்து மிஷன் பங்களாவில் கழிந்தது. ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்த மூன்று வீடுகளில் மூன்று இளம் தாய்மார்கள் பேறுகாலத்தில் இறந்தார்கள். பள்ளியும் மருத்துவமுமாக அமெரிக்கா இங்கு வந்தது. ராகமும் தாளமுமாக நாம் அங்கு போனோம். முதல் பாதி நம் நினைவில் கட்டடங்களாக நிற்கிறது. இரண்டாம் பாதி ஒலியாக இருப்பதால் கேட்டால்தான் நிற்கும்.

‘நாகூரான்’ பதிவைத் தேடுவதற்கு வானொலியின் அன்றைய நடைமுறை பாதகமானது. ஒலிநாடா விலை கூடியது. ஒலிபரப்பிய நிகழ்ச்சியை அழித்து அதே நாடாவில் வேறொன்றைப் பதிவதை உலகெங்கும் பல வானொலிகள் செய்தன. அப்படியும் தப்பிய செல்வம் ஏராளம். அகில இந்திய வானொலி தன் சேமிப்பிலிருந்து பெரும் வித்துவான்களின் கச்சேரிகளை ‘ஆகாசவாணி சங்கீத்’ என்ற பெயரில் வெளியிட்டு வந்திருக்கிறது. சென்னை நிலையத்தின் 1959, 1960ஆம் ஆண்டு நாடாப் பட்டியல்களில் ‘நாகூரான்’ என்ற பெயரை யாராவது முறையாகத் தேட வேண்டும். மியூசிக் அகாதமியின் ஆவணங்களிலும் இந்த இரண்டு அமெரிக்கர்களின் தடங்களைத் தேட வேண்டும்.

இத்தகைய தேடல் வீண் போவதில்லை என்பதற்கு அண்மைச் சான்று ஃப்ளோரன்ஸ் பிரைஸ். 1933இல் சிகாகோ இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது; பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று வாசித்த முதல் கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் அவர். பிறகு மறக்கப்பட்டார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன. 2021இல் பிலடெல்பியா இசைக்குழு அவருடைய முதல், மூன்றாம் சிம்பொனிகளைப் பதிவு செய்து வெளியிட்டது. அது 2022இல் கிராமி விருது பெற்றது. ஒரு பழைய வீட்டின் காகிதங்களும் ஒரு பதிவும் சேர்ந்து வரலாற்றைத் திருத்தின.

நமக்கு முன்னால் இன்னும் எளிய வேலை ஒன்றும் இருக்கிறது. இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. விழுப்புரம் இசைப்பள்ளியில், இவ்வூர்களின் அரசுக் கலைக் கல்லூரிகளில் மாதம் ஒரு மாலை ஒதுக்கி இவற்றைக் கேட்கலாம். நாதஸ்வர ஆசிரியரும் வயலின் ஆசிரியரும் உடனிருந்து, இந்த இடத்தில் இன்ன ராகத்தின் சாயல், இங்கே கமகம் இல்லாததால் நிறம் வெளுத்தது, இங்கே நம்மிடம் இல்லாத ஒன்றை அடுக்கிசை கொண்டுவந்தது என்று குறித்துவைக்கலாம். ‘மிஸ்டீரியஸ் மௌண்டன்’ படைப்பின் ரெய்னர் பதிவையும் ஷ்வார்ஸ் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு ஒப்பிடலாம். அந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வெளியிட்டால், உலகில் வேறு எங்கும் இல்லாத ஓர் ஆய்வு அது.

அமெரிக்க விமர்சகர்கள் ஹோவனெஸைப் பற்றி எழுதும்போது கீழைத்தேயம், மறைஞானம் என்ற பொதுச்சொற்களோடு நின்றுவிடுவது வழக்கம். புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் அதே சொற்களைத்தான் பயன்படுத்தினார்கள். எந்த ராகம், எந்தப் பிடி, எந்தத் தாளக்கட்டு என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்குப் பயிற்சி இல்லை. அந்தப் பயிற்சி இங்கே ஒவ்வொரு மாவட்ட இசைப்பள்ளியிலும் வர்ணம் பாடும் மாணவருக்கு உண்டு. சாம்பமூர்த்தி பெர்லினில் கவலுக்குக் கற்பித்தது முதல், நம் இசையறிவு அந்தச் சிம்பொனிகளுக்குள் போயிருக்கிறது. அது அங்கே என்னவாயிற்று என்று கணக்குப் பார்க்கும் உரிமையும் கடமையும் நம்முடையவை. மெட்ராஸ் என்று பெயர் சூட்டி ஒரு சிம்பொனியை இந்த மண்ணிலேயே முதலில் வாசித்துக் காட்டியவர்களுக்கு, தேர்ந்த செவியோடு கேட்டு எழுதும் மறுமொழியை நாம் இன்னும் தரவேண்டியிருக்கிறது.